தளநூல்: பாறசாலை உரை

வகை பிரிப்பது எப்படி என்று பாறசாலைக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கு என்று எழுதிக் கோடு இழுத்தார்கள். தமிழ் பேசும் வீடுகள் பல கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கின. மலையாளம் பேசும் வீடுகள் சில அந்தப் பக்கம் போயின. அன்று முதல் இங்கே ரேஷன் கார்டுக்கு ஒரு வகை, பள்ளிக்கூட மீடியத்துக்கு ஒரு வகை, கல்யாண வீட்டுச் சாம்பாருக்குக்கூட ஒரு வகை. இவ்வூரிலிருந்து ஒரு வகைநூல் புறப்படுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நூல் நுதலிய பொருளாவது: மென்பொருள் கம்பெனிக்குள்ளே டெவலப்பர்மார் யாரையும் கெஞ்சாமல், வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்படி அமைக்கும் உள்தளம். இனி சுருக்கமாகத் தளம். கேட்போர் யாரெனில்: காலையில் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஸ்டேஷன்களில் ரயிலேறி, 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்குப் போகிறவர்கள். அடையாளம், கழுத்தில் தொங்கும் அட்டையும், உட்கார இடம் கிடைத்த உடனே மூடும் கண்ணும்.

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக்குவது மரபு. இது சார்புநூல், சார்ந்திருப்பது நன்னூலை. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் செய்தது அது. எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, பாயிரத்தில் ஆசிரியரையும் மாணாக்கரையும் ரகம் பிரித்து வைத்துவிடுகிறார் முனிவர். கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்று தெரியாமல் எதைக் கொடுப்பது என்று பேசுவது வீண் என்பது அவர் கணக்கு. தளம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். யாருக்கு என்று அப்புறம் தேடுகிறார்கள்.

தேவை இயல்

புதிதாக ஒரு சேவையை எழுதி ஓடவைக்க ஒரு டெவலப்பருக்கு என்னென்ன வேண்டும்? கோடு வைக்க ஒரு கிட் ரெப்போ. அதைக் கட்டிச் சோதிக்கும் பைப்லைன். குபர்நெட்டிஸில் ஓர் இடம், ஒரு டேட்டாபேஸ், ஒரு டொமைன் பெயர், அதற்குச் சான்றிதழ். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கப் பெட்டகம், லாக் பார்க்கத் திரை, நடுராத்திரியில் எழுப்ப அலாரம். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழுவின் கையில். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டிக்கெட். கோடு எழுதிய நேரத்தைவிட டிக்கெட் காத்துக்கிடந்த நேரம் நீளும்.

பாறசாலை தாண்டிய ரயிலில் கேட்ட பேச்சு ஒன்றை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்க.

"சாரே, ஸ்டேஜிங்குல ஒரு டேட்டாபேஸ் கேட்டிருந்தேன்..."

"டிக்கெட் இட்டோ?"

"போட்டு நாலு நாளாச்சு சாரே. இன்னும் ஓப்பன்னுதான் காட்டுது."

"ஆரு பேருல கெடக்குது?"

"தெரியல சாரே."

"செரி, நீ நம்ம ஆளல்லே? எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு. ஆபீஸ் எத்தினதும் ஞான் செய்து தராம்."

பையனின் முகம் தெளிந்தது. வேலையும் அன்றே நடந்திருக்கும். ஆனால் அதே வரிசையில் டிக்கெட் போட்டுவிட்டு, அந்த ரயிலில் வராமல் வேறெங்கிருந்தோ வருகிற, சாரைத் தெரியாத ஒரு பெண்ணும் இருப்பாள். அவள் டிக்கெட் ஓர் இடம் பின்னால் போனது. போனது அவளுக்குத் தெரியவும் வராது. தளம் எதற்கு என்று ஆயிரம் விரிவுரை உண்டு. இந்நூல் கொள்வது ஒன்றே: ஆள் தெரியாதவருக்கும் ஆள் தெரிந்தவருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிய வேண்டும்.

இதற்கு மறுப்பாக, "அப்படியானால் கட்டுப்பாடு என்னாவது?" என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு விடை அமரவிளையில் இருக்கிறது. முன்பு அங்கே விற்பனைவரிச் சோதனைச்சாவடி இருந்தது. களியக்காவிளை கடந்து வரும் லாரிகள் காகிதக்கட்டோடு மேசைக்கு மேசை போக வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது, சாவடி போயிற்று. சரக்கு அனுப்புகிறவரே இணையத்தில் எடுத்துக்கொள்ளும் இ-வே பில் அடுத்து வந்தது. தேசியத் தகவலியல் மையம் அமைத்த அந்த ஏற்பாடு, 2018 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கிய அன்றே பாரம் தாங்காமல் படுத்துவிட்டது, ஒத்திவைத்தார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1 அன்றும், கேரளத்துக்குள்ளே ஓடும் சரக்குக்கு ஏப்ரல் 15 அன்றும் மறுபடி எழுந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் பில் வேண்டும் என்ற விதி அப்படியே நின்றது. வழியில் மறித்துப் பார்க்கும் அதிகாரமும் நின்றது. போனது மேசை மட்டும்.

தளத்திலும் அப்படியே. டேட்டாபேஸுக்கு பேக்கப் இருக்க வேண்டும், தரவு மறையாக்கம் செய்திருக்க வேண்டும், செலவு யார் கணக்கில், உரிமையாளர் யார், எந்தத் தேதியோடு கலைக்கலாம் என்பவை எழுதியிருக்க வேண்டும். இவற்றை ஒரு சார் டிக்கெட்டைப் படித்து நினைவு வைத்துச் செய்கிறார். அவர் லீவில் போன வாரம் உருவான டேட்டாபேஸ்களுக்கு பேக்கப் இருக்காது. அதையெல்லாம் வார்ப்புருவுக்குள் எழுதிவிட்டால், படிவத்தில் பெயரும் அளவும் நிரப்பினால் போதும். படிவம் கிட்டில் ஒரு மாற்றமாகப் பதிகிறது. டெராஃபார்மோ ஆர்கோ சிடியோ அதைப் படித்து நிஜமாக்குகிறது. யார் கேட்டார், எப்போது கேட்டார் என்ற வரலாறு தானாகவே மிஞ்சுகிறது. கட்டுப்பாடு விரும்புகிறவர்கள் டிக்கெட் முறையைக் காத்து நிற்பது எனக்கு விளங்காத விஷயம். அந்த முறையில் கட்டுப்பாடு ஒருவருடைய ஞாபகசக்தி.

குழு இயல்

2019இல் மாத்யூ ஸ்கெல்டனும் மானுவல் பாய்ஸும் 'டீம் டோபாலஜிஸ்' என்ற நூலில் மென்பொருள் குழுக்களை நான்காகப் பிரித்தார்கள். தளக்குழு அவற்றில் ஒன்று. நாலு என்ற எண்ணிக்கையில் அவர்களுக்கும் பவணந்தியாருக்கும் உடன்பாடு. உவமையில் மட்டும் அவர்கள் ஏழைகள். முனிவர் நல்லாசிரியருக்கு நாலு உவமை சொன்னதோடு, ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நாலு சொன்னார். கம்பெனிகளில் அதிகம் தென்படுவது பிந்திய நான்கு என்பதால் அவற்றை முதலில் உரைப்பாம்.

கழற்குடம். கழற்சிக்காயைக் குடத்தில் போட்டுக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வெளியே வராது. டிக்கெட் வரிசைக்கு இதைவிட நல்ல வருணனை எந்த மேலாண்மை நூலிலும் இல்லை. முதலில் போட்டது அடியில் கிடக்கும். எல்லா டிக்கெட்டும் 'மிக அவசரம்' என்று வருவதால் அவசரம் என்ற குறிக்குப் பொருளில்லை. பிறகு குடத்தைக் குலுக்கத் தெரிந்தவருக்குத்தான் காய். குலுக்குவது என்பது சாருக்கு மெசேஜ் அனுப்புவது.

மடற்பனை. தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம், நெருங்கினால் விடாது. நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் பனையேறிய குடும்பங்களுக்கு இது உவமையே அல்ல. கருக்குமட்டை எப்படிக் கிழிக்கும் என்று பெரியவர்கள் தொடையைக் காட்டுவார்கள். இவ்வகைக் குழு தன்னைத் தன்னுதவித் தளம் என்றே அழைத்துக்கொள்ளும். "இந்தா குபர்நெட்டிஸ், ஏறிக்கோ" என்று சொல்லி ஒதுங்கிவிடும். 2014இல் கூகுள் திறந்துவிட்ட குபர்நெட்டிஸ் வல்லமை உள்ளதுதான். ஆனால் அது பனை, ஏணி இல்லை. சேவையைக் கட்டியவரே அதை ஓட்டவும் வேண்டும் என்ற கொள்கையை அமேசானின் வெர்னர் வோகல்ஸ் 2006இல் சொன்னார். அமேசான் தன் ஆட்களுக்குக் கீழே கருவிகளை அடுக்கிவைத்திருந்தது. கொள்கையை மட்டும் இறக்குமதி செய்து, கருவிகளை விட்டுவிட்ட கம்பெனிகளில், பில்லிங் எழுத வந்த பெண் யாம்ல் கோப்பில் இடைவெளி எண்ணிக்கொண்டிருக்கிறாள். வேலையைக் குறைக்காமல் இடம் மாற்றிவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது இவ்வகையின் இலக்கணம்.

பருத்திக்குண்டிகையில் பஞ்சைச் சிறிது சிறிதாக அடைக்க வேண்டும், சிறிது சிறிதாகவே பிடுங்கவும் வேண்டும். டேட்டாபேஸ் கொடுப்பார்கள், பாஸ்வேர்டு கொடுக்க மாட்டார்கள்; அதற்கு வேறு டிக்கெட். இதற்கு உரை வேண்டாம்.

முடத்தெங்கு. நம் முற்றத்தில் நட்டு, நாம் தண்ணீர் விட்டு, அடுத்தவன் பறம்பில் காய் விழும் தென்னை. இஞ்சிவிளைப் பக்கம் அடுத்தவன் பறம்பு அடுத்த மாநிலமாகவும் இருக்கலாம். தளங்களில் இந்நோய் நுட்பமானது. ஸ்பாட்டிஃபை 2020 மார்ச்சில் பேக்ஸ்டேஜ் என்ற முகப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதே செப்டம்பரில் அது கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளைக்குப் போயிற்று. ஸ்பாட்டிஃபைக்குள்ளே அது டெவலப்பருக்காக வளர்ந்தது. வேறிடங்களில் பலர் முகப்பை மட்டும் நிறுவினார்கள். பொத்தானை அழுத்தினால் பின்னால் டிக்கெட்தான் உருவாகும். சேவைப் பட்டியல் இருக்கும். அதில் உரிமையாளர் என்று பெயர் இருப்பவர் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போயிருப்பார். எந்தக் குழுவுக்கு எத்தனை மதிப்பெண் என்ற பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும், மேலாளர்கள் பார்க்க. தண்ணீர் விட்டவர் டெவலப்பர், இளநீர் குடிப்பவர் மாடியில்.

இனி நல்லன நான்கு. நிலம், தோண்டுவோரைத் தாங்குவது: மூன்றாம் முறை அதே கேள்வியைக் கேட்பவரிடம் முகம் சுளிக்காத குழு. மலை, அசையாதது: போன மாதம் வேலை செய்த கட்டளை இந்த மாதமும் வேலை செய்யும். மலர், மென்மை. நிறைகோல், ஆள் பார்க்காதது. மற்ற மூன்றும் இருந்து நிறைகோல் இல்லாவிட்டால் நல்ல மனிதர்கள் கூடிய ஒரு கழற்குடம்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு தடை. ரயிலில் கண்ட சாருக்கு நிறைகோல் பிடிக்காது. அவர் கெட்டவரல்ல; ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து வருகிறவர் அவர்தான். ஊரில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவரிடம் வருவார்கள் என்பது அவர் இருபது வருடத்தில் ஈட்டிய சொத்து. தளம் அந்தச் சொத்தைப் பொதுவில் வைக்கிறது. அவரை ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து ஆள் எடுத்துக் கட்டிய தளங்கள் விழுவதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். எந்த டேட்டாபேஸுக்கு எந்த அமைப்பு ஆகாது, எந்த பேக்கப் திரும்ப ஏறாது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது, எந்த ஆவணத்திலும் இல்லை. அவரைத்தான் கட்டச் சொல்ல வேண்டும், அதற்கு இப்போதைவிடப் பெரிய பதவியும் கொடுத்து. இதைச் சிக்கனம் பார்த்துச் செய்யாமல் விடுகிற கம்பெனி, பிறகு ஆலோசகருக்குக் கொடுத்துத் தீர்க்கிறது.

மாணாக்கர் இயல்

பவணந்தியார் மாணாக்கரை எட்டாகப் பிரித்தார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. டெவலப்பரில் எட்டும் உண்டு.

அன்னத்துக்குத் தளம் வேண்டாம், தானே பிரித்துக்கொள்ளும். பசு கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்து, பிறகு உட்கார்ந்து அசைபோட்டு, மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதிவைக்கும். இவ்வகையில் ஒருவர் கிடைத்தால் உடனே தளக்குழுவுக்கு இழுத்துக்கொள்க. மண், இட்ட வார்ப்புரு விளையும். கிளி, பக்கத்து ரெப்போவிலிருந்து யாம்லை நகலெடுக்கும், பக்கத்துச் சேவையின் பெயரையும் சேர்த்து.

இல்லிக்குடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே லாகின் சந்தேகத்தோடு வரும். நெய்யரி நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும்: ஆவணத்தில் சொன்ன நேர்வழியெல்லாம் ஒழுகிப்போய், "விதிவிலக்காக இப்படியும் செய்யலாம்" என்ற அடிக்குறிப்பு மட்டும் நினைவில் நிற்கும். ஆடு ஒரு செடியில் ஒரு வாய். ஒரு சேவைக்கு ஹெல்ம், அடுத்ததற்கு டெராஃபார்ம், மூன்றாவதற்கு யூடியூபில் நேற்றுப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் உரிமத்தை ஹாஷிகார்ப் மாற்றி, அடுத்த மாதமே ஓபன்டோஃபு என்று கிளை பிரிந்தபோது, ஆடுகளுக்கு அது திருவிழா.

எருமைதான் கவனிக்க வேண்டியது. குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டு, கலங்கிய நீரையே குடிக்கும். மற்றவற்றுக்கும் அதுவே கதி. பொது கிளஸ்டரில் தன் சேவைக்கு நினைவக வரம்பு போடாமல் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் இவர். அது வீங்கி, அதே நோடில் ஓடும் வேறு நாலு குழுக்களின் சேவைகளை வெளியே தள்ளும். அவர்கள் தத்தம் கோட்டில் பிழை தேடி அரை நாள் போக்குவார்கள். எருமை திரும்பி வந்து, "நெட்வொர்க் ஸ்லோவா இருக்கே" என்னும்.

இவ்விடத்தில் முதல்நூலோடு முரண்பட வேண்டியிருக்கிறது. பவணந்தியார் கடைமாணாக்கரைக் கடையில் வைத்துவிட்டு நகர முடிந்தது. தளக்குழுவுக்கு அந்த வசதி இல்லை. ஆள் எடுப்பது வேறு துறை. வருகிற எட்டுப் பேரில் நாலு பேர் கடை என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். எருமைக்கு உபதேசம் செய்வதைவிடக் குளத்தில் தடுப்பு கட்டுவது எளிது: வரம்பு எழுதாத சேவை ஏறாது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கீடு உண்டு, அதைத் தாண்டினால் தன் சேவைதான் நிற்கும். கிளி நகலெடுக்கத்தான் செய்யும் என்றால், நகலெடுக்க நல்ல மூலம் ஒன்றை வைத்துவிடுவது. இல்லிக்குடத்துக்குப் பிழைச்செய்தியிலேயே விடையை எழுதிவைப்பது. தளத்தின் தரம் அன்னத்தால் தெரியாது.

பாதை இயல்

நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் தங்கள் ஏற்பாட்டைப் போட்ட ரோடு என்றார்கள். ஸ்பாட்டிஃபைக்காரர்கள் அதையே தங்கப் பாதை என்றார்கள். இரண்டின் கருத்தும் ஒன்று: பரிந்துரைக்கும் வழி ஒன்றைச் செப்பனிட்டு வை; வேறு வழியில் போகிறவரைத் தடுக்காதே, ஆனால் அங்கே பஞ்சரானால் அவர் பாடு.

பாறசாலைக்காரர்களுக்கு இதை விளக்கப் படம் வேண்டாம், ரோடே இருக்கிறது. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பக்கமாகத் தொடங்கி எல்லையோரக் காரோட்டில் வந்து முடியும் பைபாஸ், ஏறத்தாழ 43 கிலோமீட்டர். முக்கோலை முதல் காரோடு வரை 16 கிலோமீட்டர் சொச்சம் கான்கிரீட். பாலராமபுரம் வழியாக யாரும் போகக்கூடாது என்று ஆணை பிறக்கவில்லை. கைத்தறி வேட்டி எடுக்க வேண்டியவர்கள் இன்றும் அந்த நெரிசலில்தான் நிற்கிறார்கள். கார் உள்ளவர்கள் தாமாகவே பைபாஸுக்கு மாறினார்கள், திருவல்லத்தில் டோல் கேட்டதற்காகக் கத்திக்கொண்டே. தளத்தைக் கட்டாயமாக்க மின்னஞ்சல் அனுப்பும் தலைமை அதிகாரி ஒரு முறை இவ்வழியே வந்து பார்க்கலாம். பாதை நன்றாக இருந்தும் ஆள் வரவில்லை என்றால், அது போய்ச் சேரும் இடம் தவறு.

இன்னொன்றும் காரோட்டில் படிக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கத்து நாலுவழி வேலை பல ஆண்டுகள் இழுத்தது. கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு வந்தவர் காரோட்டில் இறங்கி, பழைய ரோட்டில் களியக்காவிளை நெரிசலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. தளங்கள் பெரும்பாலும் இப்படி முதல் நாளோடு முடிகின்றன. புதிய சேவை உருவாக்கப் பொத்தான் உண்டு. அதன் டேட்டாபேஸை அடுத்த பதிப்புக்கு ஏற்ற? ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு மாற்றிக்கொடுக்க? இனி வேண்டாம் என்று கலைக்க? டிக்கெட். சேவை பிறப்பது ஒரு நாள், ஓடுவது பத்து வருஷம். திறப்பு விழாவில் செய்துகாட்ட ஏற்றது பிறப்பு என்பதால் பணமெல்லாம் அங்கே போகிறது.

அளவை இயல்

அளந்து பார்த்தவர்களும் உண்டு. கூகுளின் டோரா குழு 2024 அறிக்கையில், உள்தளம் பயன்படுத்துவோரிடம் தனிநபர் உற்பத்தித்திறன் 8 சதவீதமும் குழுவின் செயல்பாடு 10 சதவீதமும் கூடியிருப்பதாகக் கண்டது. கூடவே, மாற்றங்கள் வெளிவரும் வேகம் 8 சதவீதமும், வெளிவந்தவை உடையாமல் நிற்கும் தன்மை 14 சதவீதமும் குறைந்திருந்தன. தளம் விற்கிறவர்கள் முதல் இரண்டு எண்களை மட்டும் சுவரில் ஒட்டுகிறார்கள். இந்நூலின் கருத்து: கோட்டுக்கும் உற்பத்திக்கும் நடுவே புதிதாக ஓர் இயந்திரம் வந்தால் கைமாற்றம் கூடும், வேகம் குறையும், அனுப்புவது எளிதானபோது அரைவேக்காடுகளும் அனுப்பப்படும். அதற்காகத் தளம் வேண்டாம் என்பது இல்லை. நாலு எண்ணையும் ஒட்டுக.

புறனடை

மேற்கூறிய விதிகளில் அடங்காதன சில. வங்கி மென்பொருளில் எழுதியவரே ஏற்றக்கூடாது, இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்று தணிக்கை கேட்கும். அங்கே மனித அனுமதி ஒன்று நிற்கும். அதைக் குற்றம் என்று கொள்ளற்க.

வெளிநாட்டுக் கம்பெனியின் தளத்தில், வீட்டிலிருந்தே வேலை செய்யும் உதியன்குளங்கரைக்காரர், தனுவச்சபுரத்துக்காரர் ஆகியோருக்கு எட்டு வகையும் பொருந்தா; அங்கே தடை கடிகாரம். நியூயார்க்கில் அனுமதி தருபவர் காலை ஒன்பதுக்கு உட்காரும்போது இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை.

பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள கம்பெனிக்குத் தளக்குழுவே ஆகாது. தளம் எவ்வளவு மெலிதாக இருக்கலாமோ அவ்வளவு மெலிதாக இருக்கட்டும், ஒரே ஒரு விக்கிப் பக்கமாகக்கூட இருக்கலாம் என்பது ஸ்கெல்டனும் பாய்ஸும் உடன்படுவது. எதை எங்கே கேட்பது, எந்தக் கட்டளையை எந்த வரிசையில் அடிப்பது என்று அதில் எழுதியிருந்தால் போதும். அப்பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி மேலே தெரிய வேண்டும். தேதி பழசானால் பன்னிரண்டு பேரில் யார் அதைத் திருத்துவது என்பதற்கும் அங்கேயே ஒரு பெயர் வேண்டும்.